செவிலியர் பட்டப் படிப்பு: காத்திருப்போர் பட்டியலும் காலி இடங்களும்

மருத்துவமனையில் நோயாளியின் அருகே மிகுதியான நேரம் இருப்பவர் செவிலியரே. மருந்தை உரிய வேளையில் கொடுப்பதும், நோயின் போக்கில் தோன்றும் சிறு மாறுதலையும் கண்டறிந்து மருத்துவருக்குத் தெரிவிப்பதும் அவரது பொறுப்பாகும். இத்தகைய செவிலியரை உருவாக்கும் நான்காண்டுப் பட்டப் படிப்பில் சேர ஆண்டுதோறும் நாடெங்கும் மாணவர்கள் போட்டியிடுகின்றனர். கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரிகளிலும் மத்திய அரசு நிறுவனங்களிலும் போட்டி மிகக் கடுமையாக உள்ளது. நல்ல மதிப்பெண் பெற்றவர்களும் காத்திருப்போர் பட்டியலில் நிற்க நேரிடுகிறது. அதே சமயம், சேர்க்கை முடிந்த பின்னர்ச் சில கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடப்பதும் உண்டு. வெளியே வரிசை, உள்ளே காலி இருக்கை என்னும் இந்த முரண்பாடு ஏன் தோன்றுகிறது, அதைச் சமாளிக்க மாணவரும் நிர்வாகமும் செய்யத்தக்கது என்ன என்பவை ஆராயத்தக்கவை.

வளர்ச்சியும் தேவையும்

இந்தியாவில் செவிலியர் பட்டப் படிப்பு 1946-ஆம் ஆண்டில் டெல்லியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கப்பட்டது. டெல்லிக் கல்லூரி இன்று நாட்டின் முதல் சுகாதார அமைச்சரான ராஜகுமாரி அம்ரித் கௌரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1947-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியச் செவிலியர் குழுமம் அமைக்கப்பட்டு, பயிற்சித் தரம் நாடு முழுவதற்கும் வரையறுக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் இடங்களைப் பெருக்கும் முயற்சி விரைவு பெற்றுள்ளது. 2014-க்குப் பின் ஏற்பட்ட மருத்துவக் கல்லூரிகளுடன் இணைத்து 157 புதிய செவிலியர் கல்லூரிகளை 1,570 கோடி ரூபாய்ச் செலவில் நிறுவ மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்குச் சுமார் 15,700 பட்டதாரிச் செவிலியர் கூடுதலாகக் கிடைப்பர் என்பது இத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. இடங்களைப் பெருக்குவதோடு, இருக்கும் இடங்களை வீணாக்காமல் நிரப்புவதும் திட்டமிடுதலின் ஒரு பகுதியே ஆகும்.

சேர்க்கைக்குரிய வழிகள்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்று, இம்மூன்றிலும் சேர்த்து 45 சதவீத மதிப்பெண் பெற்று, ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும் என்பது குழுமம் வகுத்த பொதுத் தகுதி. பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் இது 40 சதவீதம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருப்பதும் தேவை.

தகுதி பொதுவாயினும் தேர்வு முறை பொதுவானதன்று. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமாகிய எய்ம்ஸ் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. படைத்துறை மருத்துவப் பணியின் கீழுள்ள கல்லூரிகளுக்கு 2022 முதல் ‘நீட்’ மதிப்பெண் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. இவற்றுக்குப் பெண்களிடமிருந்தே விண்ணப்பங்கள் கோரப்பட்டு வந்துள்ளன. மேற்கு வங்கம் மாநில அளவில் நுழைவுத் தேர்வு நடத்த, கேரளம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை வகுத்து வந்துள்ளது. விதிகள் மாறக்கூடியவை ஆதலால், அவ்வாண்டின் விவரத் தொகுப்பைப் படித்தறிவது விண்ணப்பதாரரின் முதற்கடமை. கல்லூரி செவிலியர் குழுமத்தின் ஏற்பும் பல்கலைக்கழக இணைப்பும் பெற்றதா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏற்பில்லாத நிறுவனத்தில் பயின்றவர் மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற இயலாது. பதிவின்றிப் பணியும் இல்லை.

பட்டியல் நகரும் விதம்

தேர்வு முறைகள் பலவாக இருப்பதால், நல்ல தரவரிசை பெற்ற ஒரே மாணவி மூன்று அல்லது நான்கு இடங்களுக்கு ஒருங்கே தேர்ந்தெடுக்கப்படுகிறார். அவர் சேரப்போவது ஓர் இடத்தில்தான். மற்ற இடங்கள் அவர் விலகும் வரை மூடிக் கிடக்கின்றன. மருத்துவம், பல் மருத்துவம், சித்தம், ஆயுர்வேதம் ஆகியவற்றின் கலந்தாய்வுகள் தாமதமாகும்போது, அவற்றை எதிர்நோக்கும் மாணவர்கள் செவிலியர் இடத்தைக் கைவிடாமல் வைத்திருக்கின்றனர். அக்கலந்தாய்வுகள் முடிந்ததும் விலகல்கள் ஒருசேர நிகழ்கின்றன. எனவே காத்திருப்போர் பட்டியல் சீராக நகர்வதில்லை. பல வாரம் அசையாமல் இருந்து, சில நாட்களில் விரைந்து நகரும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 60 இடங்கள் கொண்ட கல்லூரியில் 15 பேர் விலகுவதாகக் கொள்வோம். பட்டியலின் முதல் 15 பேர் அழைக்கப்படுகின்றனர். அவர்களுள் 5 பேர் ஏற்கெனவே வேறிடம் சேர்ந்துவிட்டமையால் வருவதில்லை. 16 முதல் 20 வரையிலானோர் அழைக்கப்பட, அவர்களுள் 2 பேர் வருவதில்லை. இறுதியில் 21, 22 ஆகிய எண்ணினர் சேர்கின்றனர். காலியானவை 15 இடங்களே. பட்டியலோ 22 வரை சென்றுவிட்டது. ஆகவே பட்டியல் எண்ணை மட்டும் கண்டு நம்பிக்கை இழப்பதும் தவறு. முந்தைய ஆண்டு இதே எண் இடம் பெற்றதென்று உறுதி கொள்வதும் தவறு.

பொதுத் தரவரிசையைக் காட்டிலும், தமக்குரிய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் தமக்கு முன் எத்தனை பேர் உள்ளனர் என்பதே பொருட்படுத்தத்தக்கது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவை குறித்த படிவத்தில் இல்லாமையால் ஒதுக்கீட்டு உரிமையை இழப்பவர் உண்டு. எனவே இவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்னரே வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்று வைப்பது நன்று.

விருப்ப வரிசை

கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்துவது குறித்துத் தவறான எண்ணம் ஒன்று நிலவுகிறது. பெரிய கல்லூரியை முதலில் குறித்தால் சிறிய கல்லூரியும் கை நழுவும் என்று சிலர் அஞ்சுகின்றனர். தரவரிசைப்படி ஒதுக்கும் முறையில் இவ்வச்சத்திற்கு இடமில்லை. ஒருவரது முறை வரும்போது, அவர் குறித்த வரிசையில் காலியாக உள்ள முதல் இடம் அவருக்குக் கிடைக்கிறது. முதல் விருப்பம் கிடைக்காமற்போவதால் இரண்டாவது விருப்பத்திற்கான வாய்ப்பு குறைவதில்லை. ஆகவே உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதுவதே அறிவுடைமை. சேர மனமில்லாத கல்லூரியை எழுதாமல் விடுவதும் அதே அளவு முக்கியம். அவ்விடம் ஒதுக்கப்பட்டால் முன்பணம் இழக்க நேரிடலாம். வேறொருவரின் வாய்ப்பும் தடைப்படும்.

காத்திருப்பின் விலை

இடம் கிடைக்காதவர் ஓராண்டு காத்திருந்து மீண்டும் முயல்வதா என்னும் கேள்வி எழுகிறது. இதற்குக் கணக்கு ஒன்று உண்டு. ஓராண்டு காத்திருந்து பட்டம் முடிக்க 5 ஆண்டுகள் ஆகும். ஜி.என்.எம். எனப்படும் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகள். அதன்பின் பதிவு பெற்ற செவிலியருக்குரிய பி.எஸ்ஸி. படிப்பு 2 ஆண்டுகள். இவ்வழியிலும் 5 ஆண்டுகளே. ஆனால் பின்னவர் மூன்றாம் ஆண்டின் இறுதியிலேயே பதிவு பெற்றுப் பணியாற்றத் தகுதி அடைகிறார். இடையில் குடும்பத்திற்கு இடர் நேர்ந்தால் வருவாய் ஈட்டும் வழி அவர் கையில் இருக்கும். பட்டயத்திற்குப் பிந்திய பட்டப் படிப்பிலும் இடங்கள் வரையறுக்கப்பட்டவையே என்பதையும் மறத்தலாகாது. சிறு வேறுபாட்டில் வாய்ப்பிழந்தவர், குடும்பத்தின் பொருள்நிலை இடந்தந்தால், ஓராண்டு முயல்வதில் தவறில்லை. தரவரிசையில் மிகவும் பின்தங்கியவருக்குப் பட்டய வழியே பாதுகாப்பானது.

எவ்வழியாயினும் காத்திருப்புக்கு ஒரு முடிவு நாளை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். அந்நாளுக்குள் அழைப்பு வராவிடில் கையிலுள்ள இடத்தில் சேர்ந்துவிடுவதே முறை. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்வதாயின், கட்டணத்துடன் விடுதி, சீருடை, மருத்துவமனைப் பயிற்சிக்கான போக்குவரத்து ஆகிய செலவுகளையும் நான்காண்டுகளுக்குக் கணக்கிட வேண்டும். இடம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகரிடம் பணம் கொடுப்பது எந்நிலையிலும் தகாது.

சான்றிதழும் கட்டணமும்

ஒரு கல்லூரியில் சேர்ந்தபின் மேலான இடத்திலிருந்து அழைப்பு வரும்போது, அசல் சான்றிதழும் கட்டிய பணமும் திரும்பக் கிடைக்குமா என்பதே மாணவரின் கவலை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கை, உயர்கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்றது. அசலைச் சரிபார்த்து, சான்றொப்பமிட்ட படிகளையே வைத்துக்கொள்ள வேண்டும். சேர்க்கைக்குரிய இறுதி நாளுக்கு எவ்வளவு முன்பாக விலகுகிறாரோ அதற்கேற்பத் திருப்பித்தரும் விகிதமும் அதில் வரையறுக்கப்பட்டது. விலகல் கடிதத்தை எழுத்து மூலம் கொடுத்து, நாளிட்ட ஒப்புகை பெறுவது இன்றியமையாதது.

நிர்வாகத்தின் கடமை

முதலாண்டில் நிரம்பாத இடத்தை இரண்டாம் ஆண்டில் புதியவரைக் கொண்டு நிரப்ப இயலாது. 60 இடங்களுள் ஆண்டுதோறும் 6 காலியானால், நான்கு வகுப்புகளிலும் சேர்ந்து 24 இருக்கைகள் வெறுமையாக இருக்கும். ஆசிரியர் ஊதியம், ஆய்வுக்கூடம், விடுதி ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் 60 பேருக்குரியதாகவே இருக்க, பயன் 54 பேருக்கே கிட்டுகிறது. அந்த 6 இடங்களுக்காக வரிசையில் நின்றவர்களோ வேறு துறைக்குச் சென்றுவிடுகின்றனர்.

இவ்விழப்பைக் குறைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. செவிலியர் கலந்தாய்வின் இறுதிச் சுற்று, மருத்துவக் கலந்தாய்வு முடிந்தபின் அமையுமாறு நாட்காட்டியை வகுக்கலாம். சேர்ந்தோர் பட்டியலைத் தேர்வுக் குழுக்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டால், ஒருவர் இரண்டு இடங்களை வைத்திருப்பது விரைவில் தெரியவரும். பிரிவுவாரியான காலி இடங்களையும் முந்தைய ஆண்டின் இறுதித் தரவரிசையையும் வெளியிட்டால் மாணவர் தாமே முடிவெடுக்க இயலும். மலைக்கிராமத்து மாணவி ஒரே நாளில் தலைநகருக்கு வரவேண்டும் என்னும் அழைப்பு, பெயரளவில்தான் அழைப்பாகும். போதிய அவகாசமும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் தகவலும் அளிக்கப்படவேண்டும். 2023-ஆம் ஆண்டின் தேசியச் செவிலியம் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் சீரான சேர்க்கை முறைக்கு வழி செய்திருப்பது இத்திசையில் ஒரு வாய்ப்பாகும்.

தமக்குத் தேவையற்ற இடத்தை உடனே விட்டுக்கொடுக்கும் மாணவரும், அதை மறுநாளே அடுத்தவருக்கு வழங்கும் அலுவலரும் சேர்ந்து ஒரு செவிலியரை நாட்டுக்குத் தருகின்றனர். புதிய கல்லூரிக்கு அடிக்கல் நாட்டுவதற்கு ஈடான பணி இது.