இடைநடுவில் கைவிடலாகாத சிகிச்சை

மாம்புரியிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு வாரந்தோறும் மருந்தும் ஏற்ற வேண்டுமென வைத்தியர் கூறும்போது, இருமடங்குத் துன்பம் எதற்கெனக் குடும்பத்தினர் தயங்குவது இயல்பே. ஆயினும் அத்தயக்கம் களையப்பட வேண்டியதாகும்.

கதிர்வீச்சு, புற்றுக் கலங்களின் மரபணு இழைகளை அறுக்கின்றது. அக்கலங்களோ தம்மைச் சீர்செய்து கொள்ள முனைகின்றன. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து அவ்விழைகளில் பிணைந்து அச்சீரமைப்பைத் தடுக்கின்றது. ஐந்து ஆய்வுகளின் பெறுபேறுகளைக் கொண்டு, இவ்விரண்டையும் ஒருசேர வழங்குமாறு 1999 பெப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் வலியுறுத்தியது. ஐந்தாண்டுகள் உயிர்வாழ்வோர் தொகை 100க்கு 60இலிருந்து 66 ஆக உயர்வதை 2008இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அந்த ஆறு பேரும் ஆறு வீடுகளின் தாய்மார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒட்சிசன் குறைந்த புற்றுக் கலங்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் மடிவதில்லை. எனவே இரத்தச்சோகையும் கவனிக்கப்பட வேண்டும். சிகிச்சை முழுவதும் 8 வாரங்களுக்குள் நிறைவுறல் அவசியம். தாமதித்தால் பயன் குன்றும். இம்மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் போதிய நீர் அருந்துதல் வேண்டும். நோயாளி நோன்பைப் பிற்போட மார்க்கம் அனுமதித்திருப்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மருந்தை வைத்தியசாலை தரும். உடன் செல்லும் கணவரையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அயலவரையும், கொழும்பில் தங்குமிடம் தேடித்தரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரையும் ஊரே தர வேண்டும். இப்பொறுப்பை ஏற்க நம்மவர் முன்வருவார்களாக.