குடலுக்குள் ஒரு விளக்கு



விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்வோர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகச் செல்வதை நாம் அறிவோம். வெளிச்சம் சரியாக விழுந்தால்தான் பட்டையின் தன்மை தெரியும். கத்தியும் தவறாமல் இறங்கும். மருத்துவர்களும் அப்படியொரு விளக்கைப் பெருங்குடலுக்குள் கொண்டுசெல்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மலத்தோடு இரத்தம் போனால் நம்மவர் பலர், "உடம்பில் சூடு ஏறிவிட்டது", "மூலமாக இருக்கும்" என்று சொல்லி மோரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். வெட்கத்தால் மனைவியிடமும் பிள்ளைகளிடமும்கூடச் சொல்வதில்லை. அது மூலமாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். மலேசிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்குப்படி, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆண்களிடையே முதலிடத்திலும் பெண்களிடையே இரண்டாம் இடத்திலும் இருந்தது.

இந்நோய் ஒரே இரவில் வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. இதைப் 'பாலிப்' என்பார்கள். பரிசோதனையில் காணப்படும் பாலிப்களுள் பெரும்பாலானவை 5 மில்லிமீட்டருக்கு மேற்படாதவை. அதாவது ஒரு மிளகின் அளவுதான். இவற்றுள் முக்கியமாக இரு வகை உண்டு. 'ஹைப்பர்பிளாஸ்டிக்' என்பது பொதுவாகத் தீங்கற்றது. 'அடினோமா' என்பது பின்னாளில் புற்றாக மாறக்கூடியது. எல்லா அடினோமாவும் மாறுவதில்லை. மாறுவதற்கும் பெரும்பாலும் பத்தாண்டு அளவில் ஆகும். அந்தக் கால இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு.

பெருங்குடலின் நீளம் ஏறக்குறைய ஐந்தடி. 'கொலோனோஸ்கோப்பி' என்னும் பரிசோதனையில், நுனியில் விளக்கும் கேமராவும் பொருத்திய, விரல் பருமனுள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்துகிறார்கள். குடலின் உட்புறம் திரையில் தெரிகிறது. ஆனால் சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் இரு வகைப் பாலிப்களும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். எது தீங்கற்றது, எது தீயது என்று எப்படி அறிவது?

இங்குதான் புதிய முறை உதவுகிறது. மருத்துவர் ஒரு பொத்தானை அழுத்தியதும் வெள்ளை ஒளிக்குப் பதிலாக நீலமும் பச்சையுமான இரு குறுகிய ஒளிப்பட்டைகள் மட்டும் பாய்கின்றன. இதற்கு 'நேரோ பேண்ட் இமேஜிங்' என்று பெயர். இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின் இவ்விரு நிறங்களையும் நன்கு உறிஞ்சிக்கொள்ளும். நீல ஒளி ஆழமாகச் செல்வதுமில்லை. ஆகவே மேற்பரப்பிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுப்புக் கோடுகளாக எடுப்பாகத் தெரிகின்றன.

அப்போது மருத்துவர் மூன்றைக் கவனிக்கிறார். முதலாவது நிறம்: அடினோமா சுற்றுப்புறத்தைவிடக் கூடுதல் பழுப்பாக இருக்கும். இரண்டாவது இரத்தக் குழாய்கள்: அடினோமாவில் அவை தடித்து, வெண்ணிற அமைப்புகளைச் சுற்றி ஓடும். மூன்றாவது மேற்பரப்பு: அடினோமாவில் நீள்வட்டமாகவோ கிளைவிட்டோ கோலங்கள் தெரியும்; தீங்கற்றதில் ஒரே அளவான சிறு புள்ளிகள் தெரியலாம், அல்லது ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம்.

தேர்ந்த மருத்துவர் இவ்வாறு உறுதியாக இனங்கண்டால், மலக்குடல் பக்கமுள்ள மிகச் சிறிய தீங்கற்ற பாலிப்பைத் தொடாமலே விடலாம். தேவையற்ற வெட்டும் செலவும் மிச்சம். தீயதை அங்கேயே மெல்லிய கம்பிச் சுருக்கு மாட்டி அகற்றிவிடுவார். அவ்விடத்தில் அறுப்பது வலி தெரியாது. ஆயினும் ஒளி சொல்வதே முடிந்த முடிவன்று. வலப்பக்கக் குடலில் தட்டையாகப் படர்ந்து, தீங்கற்றதுபோல் ஏமாற்றும் ஒரு வகையும் உண்டு. ஐயமிருந்தால் அகற்றி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பதே முறை.

நேயர்களே, எத்தனை நல்ல விளக்காயினும் அழுக்குக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைக் காட்டாது. மிளகளவுப் பாலிப்பை மறைக்கச் சிறிதளவு மலமே போதும். ஆகவே பாதி வேலை நம் கையில் இருக்கிறது. சொன்னபடி சில நாள் முன்பிருந்தே கீரை, முருங்கைக்காய், கொய்யா, நிலக்கடலை போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். பேதி மருந்தைக் குறித்த நேரத்தில் முழுவதுமாகக் குடிக்க வேண்டும். "பாதி போதும்" என்று நிறுத்தக்கூடாது. போவது தெளிந்த மஞ்சள் நீராக வந்தால் குடல் சுத்தமாகிவிட்டது என்று பொருள். நீரிழிவுக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது. மயக்க ஊசி போடுவதால் வீட்டார் ஒருவர் உடன்வருவது அவசியம். வீடு திரும்பியபின் கடும் வயிற்றுவலியோ மிகுந்த இரத்தப்போக்கோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறிகுறி ஒன்றும் இல்லாதவர்களும் 50 வயது முதல் 75 வயது வரை, அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் வந்திருந்தால் 50 வரை காத்திராமல் மருத்துவரைக் கேளுங்கள். இரத்தம் கண்டவர்களும், மலம் போகும் வழக்கம் மாறியவர்களும் வயது பாராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அப்பா, உங்களுக்கு அப்படி ஏதும் இருக்கிறதா?" அவர் வெட்கத்தை விட்டுப் பதில் சொன்னால், மிளகளவில் இருக்கும்போதே அதை அகற்றிவிடலாம்.