மாட் பஸ்பி: வீரர்களை வளர்த்த வீரர்

ஸ்காட்லாந்தின் நிலக்கரிப் பிரதேசத்திலுள்ள ஆர்பிஸ்டன் என்னும் சிற்றூரில் 1909-ல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, முதல் உலக மகா யுத்தத்தில் தந்தையைப் பறிகொடுத்து, தாமும் சுரங்கத்தில் இறங்கி உழைத்த மாட் பஸ்பிக்கு, கால்பந்தே ஜீவனோபாயமாக வாய்த்தது. 1928-ல் மான்செஸ்டர் சிட்டி சங்கத்தில் சேர்ந்த அவர், முன்வரிசையில் சோபிக்க மாட்டாமல் சில ஆண்டுகள் மனம் தளர்ந்திருந்தார். நடுவரிசையின் வலப்புறத்தில் ஆடும் சந்தர்ப்பம் கிட்டிய பிறகே அவருடைய சாமர்த்தியம் பிரகாசித்தது. 1934-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியில் அவரும் ஒருவர். 1936-ல் லிவர்பூலுக்கு மாறினார்; இரண்டாம் யுத்தம் குறுக்கிட்டு அவருடைய ஆட்ட வாழ்வை முடித்துவிட்டது.

1945-ல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை மேலாளராக ஏற்றபோது, அச்சங்கத்தின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. அறையில் அமர்ந்து உத்தரவிடுவதே மேலாளர்களின் சம்பிரதாயமாயிருந்த அந்நாளில், பஸ்பி வீரர்களோடு தாமும் மைதானத்தில் இறங்கிப் பயிற்சி செய்தார். பொருந்தாத இடத்தில் நிற்பவனின் வேதனையை அனுபவித்தவராதலால், முன்வரிசையில் ஆடிவந்த ஜானி கேரியைத் தற்காப்பு வரிசைக்கு மாற்றினார். அந்தக் கேரியே தலைவராக நின்று 1948-ல் எஃப்.ஏ. கோப்பையையும் 1952-ல் லீக் பட்டத்தையும் பெற்றுத் தந்தார்.

பின்னர், உதவியாளர் ஜிம்மி மர்ஃபியின் துணையோடு இளம்பிராயத்தினரைத் தேடிச் சேர்த்து அவர் உருவாக்கிய அணி, 1956-லும் 1957-லும் லீக் பட்டம் வென்றது. 1958 பிப்ரவரி 6-ந் தேதி, பெல்கிரேடில் ஆடித் திரும்புகையில், எரிபொருளுக்காக மியூனிக்கில் இறங்கிய அவர்களுடைய விமானம், உருகிய பனி படிந்த ஓடுபாதையில் மூன்றாம் முறையும் மேலெழும்ப இயலாமல் நொறுங்கியது. மாண்டவர் 23 பேர். அவர்களுள் 8 பேர் அவ்வணியின் வீரர்கள். பஸ்பியே மரணத்தின் விளிம்பில் இருமாத காலம் மருத்துவமனையில் கிடந்தார்.

தாம் வளர்த்த பிள்ளைகளை இழந்த மனிதர் இந்த ஆட்டத்தையே வெறுத்து ஒதுங்கியிருந்தாலும் உலகம் குறை கூறியிராது. அவரோ மீண்டு வந்து, மறுபடியும் அடியிலிருந்து ஓர் அணியை நிர்மாணித்தார். 1968 மே 29 அன்று வெம்பிளியில் பென்ஃபிகாவை 4-1 என வென்று ஐரோப்பியக் கோப்பையை அவர்கள் கைப்பற்றியபோது, மியூனிக்கில் உயிர் தப்பிய பாபி சார்ல்டனும் பில் ஃபோல்க்ஸும் அவ்வணியில் ஆடினர்.

ஒரு சங்கத்தின் மேன்மைக்கு வீரர்களை விலைக்கு வாங்கும் தனம் மட்டும் போதாது. இளைஞனின் இயல்பறிந்து, அவனுக்குரிய இடத்தை அளித்து, பொறுமையோடு வளர்க்கும் பரிவு வேண்டும். பஸ்பியின் மகத்துவம் அதுவே.