உங்களுக்குத் தெரியுமா? பரணுக்கு முதலில் காற்று, பிறகுதான் மரம்!

மான் வரும் தடத்தருகே பரண் அமைப்பவர்கள் முதலில் பார்ப்பது காற்றின் போக்கைத்தான். மானின் மோப்பம் அவ்வளவு கூர்மை. காற்று மானிடமிருந்து நம் பக்கம் வீச வேண்டும். மாறி வீசினால், எத்தனை உயரத்தில் உட்கார்ந்தாலும் பயனில்லை.

காரைக்குடிப் பக்கம் இந்தக் கணக்கு பருவத்துக்குப் பருவம் மாறும். ஆடியில் மேல்காற்று, பரண் தடத்துக்குக் கிழக்கே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், அப்போது தென்மேற்கே. மலைச்சரிவில் இன்னொரு சிக்கலும் உண்டு: வெயில் ஏற ஏறக் காற்று மேலே போகும், அந்தி சாய்ந்தால் கீழே இறங்கும். காலையில் பொருந்திய மரம் மாலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

உடையின் நிறத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் மானால் நன்றாகப் பிரித்தறிய முடியாது. புலியின் செம்மஞ்சள் உடல் புதரில் மறைவதும் இதனால்தான்! அசைவை மட்டும் மான் உடனே கண்டுகொள்ளும்.

அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டையாடுவோர் சுமார் 20 அடி உயரத்தில் பரண் கட்டுகிறார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இன் திருத்தமும் மான் வேட்டைக்கு முழுத் தடை போட்டுவிட்டன. இன்று பரண் ஏறுவோர் கையில் கேமராவும் குறிப்பேடும்தான்.

பறவை பார்ப்பதென்றால் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி இருக்கிறது. 1977 முதல் சரணாலயம். அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.