இருட்டுப் பட்டாசலில் வெளிச்சம் எங்கே போகிறது?

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நண்பகலில் நுழைகிறவர்களுக்கு முதலில் சற்று நேரம் எதுவும் சரியாகத் தெரியாது. வெளியே தரையில் விழும் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அதில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே இல்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது. சுவரில் சாரல் அடிக்காதபடி இறவாணத்தைத் தாழ இறக்கினார்கள். மன்னரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் சன்னல்களில் வண்ண மைக்கா பதித்தார்கள். வெயிலையும் புழுக்கத்தையும் வெளியே நிறுத்துவதற்காகவே அந்த இருட்டை ஏற்றார்கள்.

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் உள்கூடமான பட்டாசலும் அதே கணக்கில் கட்டியதுதான். ஆனால் அன்று வீட்டின் நடுவே முற்றம் திறந்து கிடந்தது. பகல் வேலையெல்லாம் முற்றத்திலும் திண்ணையிலும் நடந்தது. இன்று பல வீடுகளில் முற்றத்தின் மேல் தகரமோ கான்கிரீட்டோ போட்டாயிற்று. திண்ணைக்குக் கம்பி அடைப்பு வந்தாயிற்று. குடும்பம் முழுக்க உட்காருவது பட்டாசலில்தான். வெளிச்சம் வந்த வழியை அடைத்துவிட்டு, பகல் பதினோரு மணிக்கு டியூப்லைட் போடுகிறோம்.

சன்னலைப் பெரிதாக்க வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன்னால், உள்ளே வந்த வெளிச்சம் என்ன ஆகிறது என்று பார்ப்போம். சன்னல் வழியே வரும் ஒளி தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பியது மறு சுவரில் பட்டு மறுபடி திரும்புகிறது. புகைபடிந்த மரமும் கரும்பச்சைச் சுவரும் சிவப்பு ஆக்சைடு தரையும் உள்ள அறை, சராசரியாகப் பட்ட ஒளியில் நூற்றுக்கு 30 பங்கைத் திருப்புவதாகக் கொள்வோம். 100 பங்கு ஒளி வந்தால் முதல் முறை 30 திரும்பும், அடுத்து 9, அதற்கடுத்து 3-க்கும் குறைவு. திரும்பி வந்ததை எல்லாம் கூட்டினால் 43 தேறும். அதே அறை நூற்றுக்கு 70 பங்கைத் திருப்பினால்? 70, பிறகு 49, பிறகு 34 என்று போய், கூட்டுத்தொகை 233 ஆகிறது. சன்னல் அதேதான், வெயிலும் அதேதான். அறைக்குள் சுற்றிவரும் ஒளி மட்டும் ஐந்து மடங்குக்கு மேல். நிஜ அறையில் சோபாவும் திரைச்சீலையும் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும், சன்னல் வழியே கொஞ்சம் வெளியேறும். ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது.

வெறும் சுண்ணாம்பு வெள்ளை, பட்ட ஒளியில் நூற்றுக்கு 80 பங்கு அளவில் திருப்பிவிடும். பளபளப்பு இல்லாததால் எல்லாப் பக்கமும் சீராகச் சிதறடிக்கும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு: சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் பிடிக்காது, சுவரின் ஈரமும் வெளியேற வழி இருக்கும். சிப்பியை நீற்றி வெள்ளையடித்த கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்த நன்மைகளைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதற்காக ஆஞ்சிலிப் பலகையிலும் பலாமரத் தூணிலும் வெள்ளை பெயிண்ட் அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த மரம் இனிக் கிடைக்காது. அது அப்படியே இருக்கட்டும். சன்னலுக்கு எதிர்ச்சுவரையும் மேல்தளத்தையும் வெளுத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

சன்னலுக்கு வருவோம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் சன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. ஆனால் பரப்பைவிட உயரம் முக்கியம். சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் பயன்படும்படி உள்ளே எட்டும். மேல்விளிம்பு 5 அடியில் நின்றால் 10, 12 அடியோடு சரி. 7 அடிக்கு ஏற்றினால் 14 அடியைத் தாண்டும். அடைத்துப்போட்ட வென்டிலேட்டரைத் திறந்து கண்ணாடி போடுவது, கதவுக்கு மேலே கண்ணாடிப் பட்டி வைப்பது, இவையெல்லாம் சுவரை இடிப்பதைவிட மலிவு.

இருட்டுச் சுவரின் நடுவே ஒரே ஒரு சன்னல் பளீரென்று இருந்தால், கண் அந்தப் பளீருக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். அறையின் மற்ற பகுதி உள்ளதைவிட இருண்டு தெரியும். பழைய வீட்டுச் சுவரின் கனம் இங்கே கைகொடுக்கும். சன்னலின் உள்பக்க ஓரங்களை விரிவாகச் சரித்து வெள்ளையடித்தால், பளீருக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு படி கிடைக்கும், கண்ணுக்கும் இதம்.

மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஈடு இல்லை. மேகமூட்டமான வானத்தில் உச்சி, அடிவானத்தைப்போல மூன்று மடங்கு ஒளிர்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 மங்களூர் ஓடு பிடிக்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டால், 10,000 லக்ஸ் உள்ள மேகமூட்டப் பகலில் பழைய 40 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் இறங்கும். வெயில் நேரத்தில் அது பத்து மடங்காகும், கூடவே சூடும் வரும். வடபக்கச் சரிவில் போட்டால் வெயில் இறங்காது என்று பொதுவான கட்டடப் புத்தகங்கள் சொல்லும். நாகர்கோவில் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது; ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அதனால் எந்தச் சரிவும் தப்பாது. இரண்டு மூன்று ஓடுகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மச்சு உள்ள பட்டாசலில் இது பலிக்காது. அங்கே முற்றத்தின் மேல் போட்ட தகரத்தை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு போடலாம்.

அரண்மனையின் கரிய தரையைப் பார்த்தவர்கள் கேட்கலாம்: கறுப்புத் தரை ஒளியை விழுங்காதா? மேலிருந்து செங்குத்தாக விழும் ஒளியை விழுங்கும்தான். ஆனால் நன்றாக மெருகேற்றிய பரப்பு, தாழ்வான சன்னலிலிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கண்ணாடிபோல் உள்ளே தள்ளிவிடும். மெருகு போன சிவப்புத் தரையைப் பெயர்த்து வெள்ளை டைல்ஸ் பதிக்கும் முன்னால், ஒருமுறை தேய்த்து மெருகேற்றிப் பாருங்கள்.

பகலெல்லாம் பட்டாசலில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். கண்மணி சுருங்குவதாலும் கண்வில்லை மஞ்சளிப்பதாலும், 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதும் என்று தோன்றும் வெளிச்சத்தில் ஆச்சி கீரை ஆயத் திணறுவது அதனால்தான். பகல் வெளிச்சம் கண் வழியே உடலின் தூக்க விழிப்புக் கடிகாரத்தையும் சரிசெய்கிறது. நாளெல்லாம் மங்கலில் இருப்பவர்களுக்கு இரவுத் தூக்கமும் கெடலாம்.

ஆகவே வீட்டுக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: முதலில் மேல்தளத்துக்கும் எதிர்ச்சுவருக்கும் வெள்ளை, அடுத்து வென்டிலேட்டரும் முற்றமும், மின்விளக்கு கடைசி. அதையும் நடுவில் ஒன்றாகத் தொங்கவிடாமல், சுவரில் ஒளி படும்படி இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள். பெரியவர் உட்காரும் நாற்காலியைச் சன்னலோரம் நகர்த்த மட்டும் எந்தக் கொத்தனாருக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செய்யுங்கள்.