சீட்டுக்கட்டில் ஒரு மாநகரம்

சீட்டாட்டம் என்றதும் தோட்டத்துப் பெற்றோர் முகஞ்சுளிப்பது இயல்பே. சம்பள நாளன்று சீட்டுக்கட்டினால் அடுப்பெரியாது போன வீடுகளை நாம் அறிவோம். ஆயினும் இங்கு நாம் விளக்கப் புகுவது பணம் வைத்து ஆடும் ஆட்டமன்று; எரிந்துபோன ஒரு மாநகரை மீண்டும் எழுப்பும் ஆட்டம்.

1666ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இலண்டனில் ஒரு ரொட்டிக்கடையில் மூண்ட தீ, ஏறத்தாழ 13,000 வீடுகளைச் சாம்பலாக்கியது. அந்நகர் மீண்டெழுந்த வரலாற்றை மார்ட்டின் வாலஸ் என்பார் 2010இல் 'இலண்டன்' என்ற பெயரிலேயே சீட்டு விளையாட்டாக அமைத்தார். இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். கட்டடம் ஒன்றின் சீட்டைத் தம்முன் வைக்க வேண்டுமாயின், கையிலுள்ள அதே நிறச் சீட்டு ஒன்றை இழந்தாக வேண்டும். இழந்ததை எதிராளி எடுத்துக்கொள்ளலாம். நகரை இயக்கும் முறை வரும்போது பணமும் புகழும் சேரும். கூடவே வறுமைப் புள்ளிகளும் சேரும். பரப்பிய அடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கையில் தேக்கி வைத்த சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கடனும் உண்டு, 10 வாங்கினால் முடிவில் 15 கட்ட வேண்டும். (கடைக்காரரின் பற்றுப் புத்தகம் நினைவுக்கு வருகிறதன்றோ?) எத்துணை மாளிகைகளை எழுப்பினும், வறுமையைப் பெருக்கியவரின் புகழ் இறுதியில் கழிக்கப்படும்.

இவ்விதிகளின் பொருள் நமக்குச் சிங்கப்பூரில்தான் விளங்கிற்று. ஒரு விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவருடன் ஜொகூர்க் கடற்பாலம் கடந்து தேக்காவுக்குச் சென்றோம். சிராங்கூன் சாலையில் மழை பிடித்துக்கொள்ளவே, கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடியில் ஒதுங்கினோம். அந்த அஞ்சடி, 1822இல் இராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் வழி வந்தது. வீடுகள் செங்கல்லும் ஓடும் கொண்டு அமைய வேண்டும், முன்புறம் யாவரும் நடக்க வழி விடப்பட வேண்டும் என்பது அவர் ஆணை. தீக்குப்பின் இலண்டனும் செங்கல்லுக்கே மாறியது. சிராங்கூன் சாலைப் பக்கம் செங்கற் சூளைகள் இருந்தன, அவை மறைந்தன. மாட்டு வணிகம் செழித்தது, அதுவும் மறைந்தது. எருமையைக் குறிக்கும் 'கெர்பாவ்' என்னும் மலாய்ச் சொல் மட்டும் ஒரு சாலையின் பெயராய் நிற்கிறது.

சிங்கப்பூருக்கும் ஒரு பெருந்தீ உண்டு. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பரவிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் விரைந்து எழுந்தன. பழைய கடைவீடுகள் பலவும் நகரெங்கும் இடிபட்ட காலம் அது. தேக்கா வட்டாரமோ 1989 சூலை 7ஆம் நாள் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டுத் தப்பியது.

"வீடுகளைக் காத்தார்கள் ஐயா; அவற்றில் குடியிருந்தவர்கள் எங்கே?" என்றாள் ஒரு மாணவி. பலர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர் என்றோம். அவள் தந்தையின் தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்த குடும்பம் அது.

பள்ளி திரும்பியதும் பழைய அட்டைகளை நறுக்கித் தேக்காவுக்கென ஒரு கட்டுச் செய்தோம்: சூளை, தொழுவம், சந்தை, கோயில், அஞ்சடி, அடுக்குமாடி. அம்மாணவி 'குடியிருந்தவர்கள்' என்று ஒரு சீட்டைத் தானே எழுதிச் சேர்த்தாள். அதற்குப் பணமுமில்லை, புகழுமில்லை. சீட்டு அவள் கைக்கே வந்தது. மற்றவர் எவ்வளவோ சொல்லியும் அவள் அதை இழக்க மறுத்தாள்; ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வறுமைப் புள்ளி ஏறிற்று. ஆட்டத்தில் கடைசியாக வந்தாள். கட்டை அடுக்கி வைக்கையில் அந்தச் சீட்டு மட்டும் குறைந்தது. நாம் கேட்கவில்லை.