போய் இறங்கினால் நேற்று! விமானப் பயண விந்தைகள் தெரியுமா?

ஏறினால் இறங்கணும்!
உலகிலேயே குட்டியான விமானப் பயணம் எவ்வளவு தூரம் தெரியுமா? வெறும் 2.7 கி.மீ.! ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு. அட்டவணைப்படி 2 நிமிடம். காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது! சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதையே இதைவிட நீளம்!

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு!
சிங்கப்பூர் – நியூயார்க்: எங்கும் நிற்காமல் 15,300 கி.மீ.க்கு மேல். பதினெட்டு மணி நேரத்தையும் தாண்டும். வெஸ்ட்ரே பயணத்தைப் போல ஐயாயிரம் மடங்குக்கு மேல்!

சுற்றிப் போனால் சீக்கிரம்!
டெல்லி – சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் பக்கம் திரும்பியது. தூரம் 15,300 கி.மீ. ஆனது, நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது! எப்படி? மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்று முன்பு எதிர்த்தது. இப்போது முதுகில் கைவைத்துத் தள்ளியது!

புயலே இன்ஜின்!
அதே காற்று, 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போவை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் சேர்த்தது. தரையிலிருந்து கணக்கிட்டால் மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல். ஆனாலும் ஒலித்தடையை உடைக்கவில்லை. சுற்றியிருந்த காற்றே சேர்ந்து ஓடியதே! ஒலியை மிஞ்சும் கன்கார்டு விமானம் மட்டும் 1996-ல் இதே தூரத்தை 3 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டது!

இன்று ஏறி நேற்று இறங்கலாம்!
சமோவாவிலிருந்து அமெரிக்கன் சமோவாவுக்குச் சுமார் அரை மணி நேரம்தான். நடுவே சர்வதேச தேதிக் கோடு! செவ்வாய் காலை புறப்பட்டவர் திங்கள் காலை போய் இறங்குவார்!

ஒரே பயணம், இரண்டு சூரிய உதயம்!
இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பான் வசமானதும் ஆஸ்திரேலியா – இங்கிலாந்து வான்வழி அறுந்தது. 1943-ல் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ், நீரில் இறங்கும் கேட்டலினா விமானங்களை எடுத்தது. பெர்த்துக்கும், இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே 5,600 கி.மீ.க்குக் குறையாத இந்தியப் பெருங்கடல். எதிரி காதில் விழாதிருக்க வானொலி மௌனம். எரிபொருளே எடையைத் தின்றுவிட்டதால் மூன்றே பயணிகள்! ஒருமுறை 32 மணி 9 நிமிடம் தரையையே தொடவில்லை. வழியில் இரண்டு முறை விடியலைப் பார்த்தவர்களுக்குச் சான்றிதழே கொடுத்தார்கள்! இன்று பெர்த்திலிருந்து லண்டனுக்கே, சுமார் 14,500 கி.மீ., பதினேழு மணி நேரத்தில் நேராகப் போய்விடலாம்!

டிக்கெட்டை நம்பி ஏமாறாதீர்கள்!
அதிலுள்ள நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. சென்னை – லண்டன் என்றால் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி வித்தியாசத்தைச் சேர்த்தால்தான் உண்மையான பயண நேரம் தெரியும். திரும்பும்போது அதையே கழிக்க வேண்டும். கழித்துப் பாருங்கள்: அதே தூரம்தான், ஆனால் கிழக்கே வரும் பயணம் பெரும்பாலும் சீக்கிரம் முடியும்!